லோகாக்காவிடம் ‘வேண்டாம்’ சொல்வது எப்படி

தெலுங்குபாளையம் லோகப்பிரியா பரிமாற வந்தால் இலையைக் கையால் மறைத்துப் பயனில்லை. இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு “போதுங்க, போதுங்க” என்று கெஞ்சினாலும் விரலிடுக்கு வழியாக ஒப்புட்டுப் போளி இலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பல்லடத்தில் ஒரு கல்யாணத்தில், தறிப்பட்டறை வைத்திருக்கும் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் பாயசத்துக்குப் பயந்து பந்தியிலிருந்தே எழுந்து ஓடினார். லோகப்பிரியா கை கழுவும் இடத்தில் டம்ளரோடு காத்திருந்தாள். மனிதர் குடித்துவிட்டுத்தான் கை கழுவினார். மறுநாள் அவர் மனைவி போனில் வாங்கு வாங்கென்று வாங்கினாள். திட்டி முடித்த கையோடு மகள் வளைகாப்புக்கும் சமையல் சொன்னாள்.

லோகப்பிரியா திருநங்கை. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள். வீட்டில் இருக்க விடவில்லை, வந்துவிட்டாள். கோயம்புத்தூரில் மரகதம் என்ற மூத்த திருநங்கை அவளை மகளாகச் சேர்த்துக்கொண்டாள். கல்யாண மண்டபங்களில் தண்ணீர் தூக்கி, தேங்காய் துருவி, அடுப்புக்குப் பக்கத்தில் போகவே வருடக்கணக்கில் ஆயிற்று. இன்று அவளுக்குச் சொந்தமாக ஒரு சமையல் ஷெட்டும், கூப்பிட்டால் ஓடிவரும் ஒரு பெரிய குழுவும் உண்டு. குழுவில் திருநங்கைகள் பாதி, அக்கம்பக்கத்துப் பெண்கள் பாதி. ஒரு காலத்தில் அவள் தொட்ட சோற்றைச் சாப்பிட யோசித்த ஊர்க்காரர்கள் இப்போது முகூர்த்தத் தேதி குறிக்கும் முன்பே அவளுக்குப் போன் போடுகிறார்கள்.

அவள் பொல்லாதவள் இல்லை. நல்லது என்று அவளுக்குத் தோன்றிவிட்டால் அதை உங்கள் வாயில் ஊட்டாமல் விடமாட்டாள், அவ்வளவுதான். இந்தக் குணத்தோடு ஒருத்தி மருந்து ஆராய்ச்சிக்குள் கால் வைத்தால் என்ன ஆகும் என்று யாராவது முன்பே யோசித்திருக்க வேண்டும். யாரும் யோசிக்கவில்லை.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்த ஆராய்ச்சி மையத்திலிருந்து டாக்டர் நஸ்ரியா ஷெட்டுக்கு வந்தது போன வருடம். எச்.ஐ.வி. வராமல் தடுக்கத் தினமும் விழுங்கும் மாத்திரை ஏற்கெனவே இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஊசி ஒன்று அதைவிட நம் ஆட்களுக்குத் தோதாக இருக்குமா என்று பார்க்கிறோம். உங்கள் சனங்களின் சார்பில் எங்களைக் கேள்வி கேட்க ஆலோசனைக் குழுவில் ஆள் வேண்டும் என்றார்.

லோகப்பிரியா உட்காரக்கூடச் சொல்லவில்லை. முன்பொரு கூட்டம் இப்படித்தான் வந்து, அந்தரங்கமான கேள்வியெல்லாம் கேட்டு, எல்லோரிடமும் ரத்தம் எடுத்துக்கொண்டு, கைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போனது. போனதுதான். அந்த ரத்தத்தில் என்ன இருந்தது என்று இதுவரை யாரும் வந்து சொல்லவில்லை.

“வெறுந் தண்ணிய ஏத்திப்போட்டு வேடிக்கை பார்ப்பீங்களா?” என்று கேட்டாள்.

“இல்லீங்க. ஒருத்தருக்கு ஊசின்னா இன்னொருத்தருக்கு மாத்திரை. மருந்தில்லாம ஆரையும் உடறதில்லீங்க.”

“ஊசி போட்ட எடம் புடைச்சுக்கிட்டா?”

“சிலருக்குச் சின்னக் கட்டியாட்ட இருக்குமுங்க, கொஞ்ச நாள். அதுல ஏதாச்சும் தொந்தரவுன்னா வைத்தியம் எங்க பொறுப்பு.”

“செரி, ஆராய்ச்சி முடிஞ்சுது. மருந்து நல்லா வேலை செய்யுது. அப்பறம் எங்களுக்குக் கெடைக்குமா, இல்ல பணக்காரங்களுக்கு மட்டுமா?”

டாக்டர் நஸ்ரியா பேனாவை எடுத்துக் கேள்வியை எழுதிக்கொண்டார். “அது எனக்குத் தெரியலீங்க. கேட்டுட்டு வந்து சொல்றேன்” என்றார். போனவர் அடுத்த வாரமே திரும்பி வந்து, சேர்ந்தவர்களுக்கு ஆராய்ச்சி முடிந்த பிறகும் மருந்து தொடரும், மற்றவர்களுக்கு என்ன விலையில் கிடைக்கும் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். படித்தவர் ஒருவர் தெரியவில்லை என்று சொல்லி, தெரிந்துகொண்டும் வந்ததை லோகப்பிரியா அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்கே அவள் ஆலோசனைக் குழுவில் சேர்ந்து, அந்த டாக்டரின் கட்சியும் ஆகிவிட்டாள்.

கட்சி சேர இன்னொரு காரணமும் இருந்தது. மரகதம் எய்ட்ஸில்தான் இறந்தாள். மருந்து கிடைக்கத் தொடங்கிய காலந்தான் அது. ஆஸ்பத்திரி வாசலில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று போகாமலே இருந்து இறந்தாள். அந்த நாட்களைப் பற்றி லோகப்பிரியா யாரிடமும் பேசுவதில்லை. பேசினால் அழுதுவிடுவாள், அழுவது அவளுக்குப் பிடிக்காது.

இப்போது அவளுக்கு மகள் முறையில் ஒருத்தி இருந்தாள், எல்லோரையும்போல அக்கா என்றுதான் கூப்பிடுவாள். சாய்ப்ரியா. இருபத்து நாலு வயது, கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுவது தொழில். வாயாடி, அழகி. ஒரு காதலன் உண்டு; அவனை லோகப்பிரியாவுக்கு அறவே பிடிக்காது. அவனுக்கு வேறு பழக்கங்கள் இருப்பதாகக் கேள்வி. மரகதத்துக்கு நடந்தது இவளுக்கும் நடந்துவிடக் கூடாது என்பதுதான் லோகப்பிரியாவின் ஒரே பயம். ஊரெல்லாம் சேர்ந்தால் நல்லதுதான், ஆனால் உண்மையில் அவள் அந்த ஊசியை விரும்பியது இந்த ஒருத்திக்காக.

ஆக, அவள் தனக்குத் தெரிந்த முறையில் வேலையைத் தொடங்கினாள். முகூர்த்தம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் ஷெட்டுக்கு வரச் சொன்னாள். சந்தகை பிழிந்து, தேங்காய்ப் பால் ஊற்றி, பின்னாலேயே அரிசியும்பருப்பும் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு என்று மூச்சு முட்டப் போட்டாள். எல்லோரும் அசைய முடியாமல் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, “நல்ல டாக்டரு, நல்ல மருந்து. நாளைக்கு வேன் வருது. ஏறிக்குங்க” என்றாள்.

“செரிங்க்கா” என்று முதலில் சொன்னவள் சாய்ப்ரியா. பிறகு எல்லோரும் சொன்னார்கள். காய் நறுக்கும் பழனாத்தாள் சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டினாள். அவள் வீட்டுக்காரர் வடக்கே லாரி ஓட்டிவிட்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருபவர். பெண்களையும் இந்த ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் வேன் ஆர்.எஸ்.புரம் போய்ச் சேர்ந்தது. லோகப்பிரியா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன் சீட்டில் இருந்தாள். பெண்ணழைப்புக்குப் போவது மாதிரிதான் இருந்தது.

டாக்டர் நஸ்ரியா எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, ஒவ்வொருவரையும் தனியறைக்குக் கூப்பிட்டுச் சில கேள்விகள் கேட்டார். சொன்னது புரிந்ததா என்று பார்ப்பதற்கான கேள்விகள். அதில் ஒன்று: “இந்த ஆராய்ச்சியில நீங்க சேரலைன்னா என்ன ஆகுமுங்க?”

ஒன்றும் ஆகாது என்பதுதான் சரியான பதில். இப்போது கிடைக்கிற வைத்தியம் எல்லாம் அப்படியே கிடைக்கும், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். கூடத்தில் இதை அவர் இரண்டு முறை சொல்லியும் இருந்தார்.

முதலில் போனவள், “லோகாக்கா வெசனப்படுவாங்க” என்றாள்.

அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவள், “அக்கா எங்கூடப் பேசமாட்டாங்க” என்றாள். பழனாத்தாள் நிறைய யோசித்துவிட்டு, “வேன் வெச்சுக் கூட்டியாந்திருக்காங்க, எப்பிடிங்க வேண்டாம்ங்கறது?” என்று டாக்டரையே திருப்பிக் கேட்டாள்.

மதியம் டாக்டர் நஸ்ரியா வெளியே வந்தார். “லோகாக்கா, இன்னிக்கு ஆரையும் சேர்க்கலீங்க.”

“ஏனுங்க, ஆளு பத்தலீங்களா?”

“ஆளு இருக்குது. அவங்க உங்களுக்காகச் சரிங்கறாங்க. அவங்களுக்காகச் சொல்லலீங்க.”

“என்னைய நம்பித்தானே வந்திருக்கறாங்க? நம்பிக்கை வேணும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“நம்பிக்கை வேணுமுங்க. ஆனா ஒருத்தரு, சேராட்டி அடுத்த முகூர்த்தத்துக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டாங்களோன்னு பயந்தாங்க.”

“ஆரு அது?”

“அதச் சொல்ல மாட்டேனுங்க.”

பந்தியில் உட்காரவைத்த ஆட்களைச் சோறு போடாமல் எழுப்பி அனுப்பியதாகவே லோகப்பிரியாவுக்குப் பட்டது. பட்டுப்புடவை கசங்க ஆட்டோ பிடித்து நேரே கோட்டைமேட்டுக்குப் போனாள். அங்கே அப்துல் முத்தலிப்புக்கு வாடகைப் பாத்திரக் கடை. அவள் முதல் கல்யாணச் சமையலுக்குக் கடனாக அண்டா கொடுத்த மனிதர். கோபம் வந்தால் கொட்டுவதற்கு அவளுக்கு வேறு இடம் கிடையாது.

முத்தலிப் கரண்டிகளை அடுக்கிக்கொண்டே முழுவதையும் கேட்டார். டாக்டரைப் பற்றி, படிப்பைப் பற்றி, நன்றி கெட்ட காலத்தைப் பற்றி எல்லாம் பேசி அவள் ஓய்ந்த பிறகு, “லோகாம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?” என்றார்.

“சொல்லுங்க பாய்.”

“எனக்கு ஒப்புட்டே புடிக்காதுங்க.”

அவள் அவரைப் பார்த்தாள்.

“ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் டப்பா நெறையாக் கொண்டாந்து தர்றீங்க. நீங்க நிக்கறப்பவே ரெண்டு தின்னுபோட்டு, மிச்சத்த லோடுமேன்களுக்குக் குடுத்துருவேன்.”

“இத்தன வருசமா ஏன் பாய் சொல்லல?”

“எப்பிடிங்க சொல்றது? உங்க மொகத்தப் பார்த்து வேண்டாம்னு வருமா ஒருத்தருக்கு?”

அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். முத்தலிப்பும் சிரித்தார். ஆனால் திரும்பும் வழியில் உக்கடம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை வருடம் ருசித்து ஒப்புட்டுத் தின்ற மனிதருக்கு ஒப்புட்டே பிடிக்காது என்றால், தன்னிடம் சரி என்று சொன்ன மற்றவர்களுக்கு எதெல்லாம் பிடிக்காதோ? எல்லோருக்கும் முன்னால் “செரிங்க்கா” என்றாளே சாய்ப்ரியா, அவள் நிஜமாகத்தான் சொன்னாளா? வேலை போய்விடும் என்று பயந்தது யார்? தன்னைப் பார்த்து ஒருத்தி பயந்திருக்கிறாள் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வீட்டை விட்டு வந்த காலத்தில் அவள் எல்லோரையும் பார்த்துப் பயந்தவள். அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் டாக்டருக்குப் போன் போட்டாள். “மறுக்கா ஒருக்கா வாங்க. இந்தத் தடவ சோறு கெடையாது” என்றாள்.

கூட்டத்துக்கு வந்தவர்கள் அடுப்பு எரியாத ஷெட்டைப் பார்த்து, யாரோ தவறிவிட்டார்கள் என்றே நினைத்தார்கள். ஒருத்தி சத்தமில்லாமல் பூவைக்கூட எடுத்துவிட்டாள். லோகப்பிரியா நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஊசிக்கும் வேலைக்கும் சம்மந்தமில்ல. போட்டாலும் போடாட்டியும் முகூர்த்தத்துக்கு ஆளு வேணும், நான் ஒருத்தியே தேங்கா துருவ முடியுமா? ஆரோ பயந்தீங்களாமா. ஆருன்னு நான் கேக்கல. பயப்படற மாதிரி நடந்துபோட்டனாட்ட இருக்குது, அது என்ற தப்பு” என்றாள். என் தப்பு என்று அவள் சொல்லி அந்த ஷெட்டில் யாரும் கேட்டதில்லை.

“இப்ப என்னைய வேண்டாம்னு சொல்லிப் பழகுங்க. பழனாத்தக்கா, நீங்க மொதல்ல.” பேக்கரியிலிருந்து பிளாஸ்க்கில் வாங்கி வைத்திருந்த டீயை ஊற்றி நீட்டினாள். “டீ குடிங்க.”

“இப்பத்தான் குடிச்சேனுங்க. வயிறும் செரியில்லீங்க. காலைலருந்து…”

“காரணம் சொல்லப்படாது. வேண்டாம், அவ்வளவுதான்.”

“காரணமே இல்லாம எப்பிடிங்க? ஒரு மரியாத வேண்டாமா?”

“வேண்டாங்க்கா. சொல்லுங்க.”

பழனாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள். “வேண்டாங்க” என்றாள். சொன்ன வேகத்திலேயே கண்ணைத் திறந்து, “கோவிச்சுக்காதீங்க, பாதி குடுங்க” என்று டம்ளரை வாங்கிக்கொண்டாள். ஷெட்டே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். டாக்டர் நஸ்ரியா சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்து ஒருத்தி தட்டுத்தடுமாறிச் சொன்னாள். இன்னொருத்தி சொல்லிவிட்டு ஓடிப்போய் லோகப்பிரியாவைக் கட்டிக்கொண்டாள். பழக்கம் வர வர ருசி கண்டுவிட்டார்கள். “அக்கா, உங்க கத்திரிக்காப் பொரியல்ல எண்ணெ சாஸ்தி, எனக்கு வேண்டாங்க்கா” என்று கேட்காததற்கெல்லாம் ஒருத்தி பதில் சொல்லத் தொடங்கியதும், “போதும்டி” என்று லோகப்பிரியா கையமர்த்த வேண்டியதாயிற்று.

அதன் பிறகுதான் நிஜமான கேள்விகள் வந்தன. கட்டி புடைத்தால் புடவை கட்டும்போது இடுப்பில் தெரியுமா? ஹார்மோன் மாத்திரையோடு இது ஒத்துப்போகுமா? ஆர்.எஸ்.புரம் மாடிப்படியில் ஏறுவதைப் பார்த்தால், எனக்கே நோய் இருக்கிறது என்று வீட்டு ஓனர் நினைத்துக் காலி செய்யச் சொல்வாரே? பாதியில் விட்டுவிட்டால் திட்டுவீர்களா? பழனாத்தாள் எல்லோரும் பேசி முடித்த பிறகு, “எங்கூட்டுக்காரருக்குத் தெரியாம வரலாமுங்களா?” என்று மெதுவாகக் கேட்டாள். வேனில் ஏறிய அன்று இவர்கள் யாருமே வாயைத் திறக்கவில்லை. டாக்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். மாடிப்படிப் பிரச்சினைக்கு மட்டும், அதே கட்டடத்தில் இருந்த பல் ஆஸ்பத்திரி வழியாக வரும் பின்பக்கப் படியைத் திறக்கக் கேட்கிறேன் என்று போனார். அடுத்த வாரமே திறந்தும் விட்டார்கள்.

இந்தத் தடவை வேன் இல்லை. வேண்டியவர்கள் அவரவர் தோதுக்குப் போனார்கள். சிலர் சேர்ந்தார்கள், சிலர் சேரவில்லை. “ஆராரு சேர்ந்திருக்காங்க?” என்று லோகப்பிரியா டாக்டரிடம் ஒருமுறை நைசாகக் கேட்டுப் பார்த்தாள். “அதச் சொல்ல மாட்டேனுங்க” என்றார் அவர், பழையபடி. இந்த அம்மாவிடம் மட்டும் எதுவும் நடக்காது என்று அலுத்துக்கொண்டாள். உள்ளுக்குள் நிம்மதியாகவும் இருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் சாய்ப்ரியா ஷெட் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் காலையில் வந்தாள். லோகப்பிரியா துருவிய தேங்காயை அளந்துகொண்டிருந்தாள். சாய்ப்ரியா உட்காரவில்லை.

“அக்கா, எனக்கு அந்த ஊசி வேண்டாங்க்கா.”

லோகப்பிரியாவின் வாய் வரைக்கும் எல்லாம் வந்துவிட்டது. மரகதம் கடைசியில் எப்படிக் கிடந்தாள் என்பது, அந்தக் காதலனைப் பற்றி ஊரில் என்ன பேசுகிறார்கள் என்பது, உனக்காகத்தானேடி இத்தனையும் செய்தேன் என்பது. ஒரு வார்த்தை போதும், பிள்ளை “செரிங்க்கா” என்று சொல்லிவிடும். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தேங்காய்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“செரி கண்ணு” என்றாள்.

“கோவமா?”

“கோவந்தான். பயமும் இருக்குது. அது என்ற பாடு. நீ சொன்னது செரி.”

சாய்ப்ரியா போகவில்லை. அப்போதுதான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, “ஊசிக்கு முன்னாடி டெஸ்ட் எடுப்பாங்களாமுங்க. அதுக்குத்தான் பயமா இருக்குது. எனக்கு ஏற்கெனவே இருந்துபோச்சுன்னா என்ன பண்றது? வேன்ல வந்த அன்னிக்கே சொல்லியிருப்பேன், நீங்க அத்தன சந்தோசமா இருந்தீங்க” என்றாள். “டெஸ்ட்டுக்கு மட்டும் கூட வாரீங்களா?”

“வாரேன்” என்றாள் லோகப்பிரியா. அன்றைய ஆர்டரைப் பழனாத்தாளிடம் ஒப்படைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். வழி நெடுக சாய்ப்ரியா அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

பின்பக்கப் படி வழியாகத்தான் ஏறினார்கள். முடிவைச் சொல்வதற்கு முன்னால் டாக்டர் நஸ்ரியா, “அக்கா உள்ள இருக்கட்டுங்களா? நீங்கதான் சொல்லோணும்” என்று சாய்ப்ரியாவைக் கேட்டார். “இருக்கட்டுங்க” என்றாள் அவள்.

நோய் இல்லை என்று வந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் கழித்து ஒருமுறை பார்த்துவிடலாம், இப்போதைக்குப் பயமில்லை என்றார் டாக்டர். சாய்ப்ரியா ஓவென்று அழுதாள். அழுவது பிடிக்காத லோகப்பிரியா அவளைவிடச் சத்தமாக அழுதாள். டாக்டர் டிஷ்யூ டப்பாவை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு சாய்ப்ரியா திரும்பினாள். “அக்கா, இனி நான் என்ன பண்ணட்டுங்க்கா? ஊசியா, மாத்திரையா, ஒண்ணுமே வேண்டாமா? நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்றதச் செய்யறேன்.”

இத்தனை நாளாக லோகப்பிரியா காத்திருந்த கேள்வி. பதில் நாக்கு நுனியில் இருந்தது. அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

“டாக்டரம்மாகிட்டக் கேளு, கண்ணு. அப்பறம் நீயே முடிவு பண்ணிக்க. நான் வெளிய இருக்கறேன்.”

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது, வார்த்தை புரியவில்லை. ஒருமுறை கதவுப் பக்கம் காதைக் கொண்டுபோனவள், எதிரே பல்வலிக்காரர் ஒருவர் பார்ப்பதைக் கண்டு நிமிர்ந்துகொண்டாள். நெடுநேரம் ஆயிற்று. நடுவில் சாய்ப்ரியா சிரிக்கும் சத்தம் கேட்டது.

வெளியே வந்தவள், “பசிக்குதுங்க்கா, போலாம்” என்றாள். முகம் தெளிவாக இருந்தது. லோகப்பிரியா ஒன்றும் கேட்காமல் ஸ்கூட்டரை எடுத்தாள்.

உள்ளே என்ன முடிவாயிற்று என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. கேட்டால் சாய்ப்ரியா, இஷ்டமில்லாவிட்டாலும் சொல்லிவிடுவாள். அதனால்தான் கேட்பதில்லை.